அஞ்சாவது கெழங்கு

உக்காருங்க, உக்காருங்க. அங்க யாரு அது, வாசப்படியில நின்னுகிட்டு? கத என்ன மல பஸ்ஸா, தொங்கிட்டே வர? உள்ள வந்து எடம் பாத்து உக்காருங்க. யக்கா, மருமவ கொறய அப்பறமா பேசிக்கலாம், மருமவளும் எங்கயும் போவ மாட்டா, கொறயும் எங்கயும் போவாது. போன எல்லாரும் கவுத்துப் போடுங்க. பேச்ச நிறுத்துனாத்தான் ஆரம்பிப்பேன். ஆச்சா? இது ஏற்காட்டுல பஸ் கண்டக்டர் அர்த்தனாரி ஒரு நாளு காலையில பயந்த கத. இப்பவே சொல்லிப்புடறேன், இதுல அடிதடி கெடையாது, ஓடிப்போறது கெடையாது. மனுசன் செவுத்தோரமா ஒரு முக்காலியில உக்காந்தாரு, அவ்ளோதான். மிச்சமெல்லாம் மண்டைக்குள்ள. பஸ்ஸுக்குள்ள அந்தாளு சிங்கம், "உள்ள போ உள்ள போ, உள்ள என்ன புலியா இருக்குது"ன்னு ஒரு சத்தம் போட்டா மொத்த பஸ்ஸும் ரெண்டடி உள்ள போவும். வீட்டுல, அதுவும் அன்னிக்கு லீவு போட்டுட்டு உக்காந்திருந்தப்ப, ஒரு பூவப் பாத்து நடுங்கிட்டிருந்தாரு. பூவப் பாத்துக்கூட இல்ல, பூ வராத எடத்தப் பாத்து.

பூவுன்னா பந்துப் பூ. செல பேரு மே பூன்னு சொல்லுவாங்க. வெங்காயம் மாதிரி கெழங்கு, பொதச்சோமா மறந்தோமான்னு இருக்கலாம். தண்ணி வேணாம், ஒரம் வேணாம், தையில எலயெல்லாம் காஞ்சு உதுந்து வெறும் மண்ணா கெடக்கும், அங்க ஒரு செடி இருந்துச்சுன்னு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணாலும் யாரும் நம்ப மாட்டாங்க. அப்பறம் சித்திர மாசம் ஒரு கோட மழ, பொத்துன்னு ஒரே ஒரு மழ, மறு வாரம் மண்ண முட்டிகிட்டு பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷாட்டம் ஒரு மொன வெளிய வரும். எல கெடையாது, ஒண்ணுங் கெடையாது, மொட்டத் தண்டு, அதுந்தலையில செவப்பா ஒரு பந்து. அர்த்தனாரிக்கு அதுனால அந்தச் செடி மேல ஒரு பிரியம், உலகத்துலயே வேல வாங்காத ஜீவன் அது ஒண்ணுதான்னு பெருமையா சொல்லுவாரு. அவரு வீட்டுல அஞ்சு பேரு, பொண்டாட்டி சம்பூரணம், மக யமுனா, மகன் தினகர், கல்யாணம் கட்டாத தம்பி செங்கோடன், அப்பறம் இந்த மனுசன். செவுத்தோரத்துல அஞ்சு கெழங்கு, ஆளுக்கொண்ணு. அது சம்பூரணத்தோட அம்மா வீட்டுப் பொம்பளைங்க பழக்கம், பொண்ணு கட்டிப் போவயில சீர் அரிசிக்குள்ள ஒரு கெழங்கப் பொதச்சு அனுப்புவாங்க. வீட்டுல ஆளு கூடக் கூட தாய்க் கெழங்கு பக்கத்துல ஒட்டிகிட்டிருக்கிற குட்டிய ஒடச்சு அவங்க பேருக்கு ஒண்ணு நடணும். சம்பூரணமும் நட்டா, மழ வந்தா அஞ்சும் வரும். இந்த வருசம் நாலுதான் வந்திருக்குது. நாலு செவப்புப் பந்து, நடுவுல ஒரு மொட்ட எடம், பல்லு விழுந்த வாயாட்டம். அர்த்தனாரி அந்த ஓட்டப் பல்லயே பாத்துகிட்டு உக்காந்திருக்காரு.

வரும், வரும், மழ பெஞ்சு எத்தன நாளாச்சு, எல்லாம் ஒண்ணாவா வரும், ஒரே தாய் வயித்துப் புள்ளைங்களே ஒண்ணா எந்திரிக்கிறதில்ல, தினகர எழுப்புறதுக்குள்ள விடிஞ்சு வெயில் வந்துருது. ஆனா போன வருசம் ஒண்ணாத்தான வந்துச்சு. அதுக்கு முந்தின வருசமும். சம்பூரணம் ஒரு நாளு சொன்னாளே, பூண்டு உரிச்சுகிட்டே, சிரிச்சுகிட்டே, "எங்கப்பா செத்த வருசம் அவரு கெழங்கு வரவே இல்லீங்க, எங்கம்மா அதப் பாத்துதான் ஓன்னு அழுதுச்சு"ன்னு. மாமனாரு எப்பச் செத்தாரு? ஆடியிலயா? ஆடின்னா பூக்கிற மாசம் முடிஞ்சு போயிருக்கும். அப்ப அவரு செத்ததுக்கப்பறம் பூ வராம போச்சா, இல்ல பூ வராம போனதுக்கப்பறம் அவரு செத்தாரா? இது ஒரு கேள்வியா? இதுதான்யா கேள்வி. மொதல்ல சொன்ன மாதிரின்னா அது வெறும் துக்கம், செடிக்கும் ஒரு துக்கம். ரெண்டாவது மாதிரின்னா அது நோட்டீஸ். போயி சம்பூரணத்துகிட்டயே கேட்டுப்புடலாம். கேட்டா அவ ஏன் கேக்குறீங்கம்பா, ஏன் கேக்குறேன்னு சொன்னா இன்னிக்கு என்ன நாளுன்னு அவளுக்குத் தெரியாதா? இன்னிக்குத்தான் ரிசல்ட். அவ மாருல அந்தக் கட்டி, நெல்லிக்கா அளவு, அவளே குளிக்கிறப்ப தொட்டுப் பாத்துட்டு ஒரு மாசம் வாயத் தொறக்கல, அப்பறம் சேலம் போயி ஊசியில சத எடுத்து அனுப்பிச்சாங்க. அந்த டாக்டரு இருக்காரே, மூக்கு நுனியில கண்ணாடிய வெச்சுகிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல... பயப்பட ஒண்ணுமில்ல... பாத்துருவோம்." என்னத்தப் பாத்துருவோம்? பயப்பட ஒண்ணுமில்லன்னா ஒரு தடவ சொன்னாப் போதாதா? ரெண்டு தடவ சொல்றப்பவே ரெண்டாவது தடவ பொய்யாப் போயிருது. சேலத்துல வேல பாக்குற யமுனாதான் இன்னிக்குப் போயி ரிசல்ட்ட வாங்கறா, வாங்குன ஒடனே போன் பண்றேன்னிருக்கா. போனு மடியில கெடக்குது. கவுத்துப் போட்டா அடிச்சது தெரியாதோன்னு நிமித்தி வெக்கறாரு, நிமித்தி வெச்சா பாத்துகிட்டே இருக்கணுமேன்னு கவுத்துப் போடறாரு. சம்பூரணம் உள்ள மிக்ஸியப் போட்டுகிட்டிருக்கா, தேங்கா அரைக்கிற சத்தம், கர்ருன்னு, நிறுத்தி வழிச்சு விட்டு மறுபடி கர்ருன்னு. இன்னிக்கும் சட்னி அரைக்கிற பாருங்க பொம்பள. அந்தச் சட்னிதான் பயமா இருக்குது.

இதுல இன்னொண்ணு இருக்குது, அது இவருக்கு மட்டும் தெரிஞ்சது. போன மாசி வாக்குல பஞ்சாயத்துக் குழா பதிக்கிறேன்னு வந்து செவுத்தோரம் பூரா தோண்டச் சொன்னாங்க. சம்பூரணம் அவ அக்கா வீட்டுக்குப் போயிருந்தா. கெழங்க எடுத்து வெச்சுட்டுத் தோண்டணும்னு இவரே கடப்பாரயப் புடிச்சாரு. எது யாருதுன்னு அடையாளம் வெக்கணும்னு தோணவே இல்ல, அஞ்சயும் ஒரே சட்டியில போட்டாரு, குழாக்காரனுங்க போனதும் கைக்கு வந்தத எடுத்து எடுத்துப் பொதச்சாரு. சம்பூரணம் வந்து, "கெழங்கு பத்தரமா?" "பத்தரம்." "வரிச மாறலயே?" "நானென்ன சின்னப் புள்ளயா?" அவ்ளோதான் பேச்சு. மாறிப்போச்சு, எது எங்கன்னு ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது. அதோட போச்சா? கடப்பாரய எறக்குனப்ப ஒரு தடவ சதக்குன்னு ஒரு சத்தம். மண்ணு சத்தம் இல்ல அது. கல்லு சத்தமும் இல்ல. வெள்ளரிக்காய வெட்டுனா வருமே, அந்த மாதிரி, ஈரமா. குனிஞ்சு பாத்தாரா? பாக்கல. பாத்தா வெட்டுப்பட்டது தெரிஞ்சுரும். வேராத்தான் இருக்கும்னு மண்ணத் தள்ளிவிட்டுட்டாரு. வேரு சதக்குன்னு சொல்லுமா? சதக். அதுக்கு அடுத்த மாசந்தான அவ கட்டியத் தொட்டுப் பாத்தது? இல்ல, அதுக்கு முன்னாடியா? சதக்குக்கு முன்னாடியா பின்னாடியா? நெல்லிக்கா அளவுன்னா அது எத்தன மாசத்துக் கட்டி?

"என்ன கண்டக்டரே, லீவா?" செவுத்துக்கு மேல ஸ்டெல்லா டீச்சர் தல முளைக்குது. பக்கத்து வீடு. கொட, பை, பவுடரு, எல்லாம் போட்டுகிட்டு ஸ்கூலுக்குக் கெளம்பியாச்சு. "ஆமாங்க டீச்சர்." "பந்துப் பூ ஜம்முனு வந்திருக்கே! நானும் தவமா தவம் கெடக்குறேன், எனக்கு வெறும் எலதான் வருது. என்ன ஒரம் போடுறீங்க?" "ஒண்ணும் போடறதில்லீங்க, அது பாட்டுக்கு வரும்." "ரகசியம்! சொல்ல மாட்டீங்களே! சம்பூரணத்துகிட்ட வாங்கிக்கிறேன். ஆமா, நாலுதானா? அஞ்சு வருமே எப்பவும்?" "பின்னால வரும் டீச்சர்." "இல்ல, போன வருசம் எண்ணுனேன், அஞ்சு. என் கிளாஸ்லயே ஒரு புள்ள கொறஞ்சா கண்ணு கண்டுபிடிச்சுரும் எனக்கு." தல மறையுது. கொட மட்டும் செவுத்து மேல நடந்து போவுது. போ தாயே, போ. கண்ணு, கண்ணு. எண்ணாத எண்ணாதன்னு ஊரே சொல்லுது, பூவ எண்ணுனா ஆவாது, புள்ளய எண்ணுனா ஆவாது, இவ எண்ணியிருக்கா. இவ எண்ணுனதுனாலயா? எண்ணுனதுனால கெழங்கு வராம போவுமா? அப்ப நானுந்தான் எண்ணுனேன்.

சரி, பொறுமையா யோசிப்போம். மாறித்தான போச்சு? சம்பூரணத்துது ரெண்டாவதா இருந்துச்சு. இப்ப ரெண்டாவது எடம் பூத்திருக்குது. ஆனா அது அவளுதுன்னு என்ன நிச்சயம். வராதது நாலாவது எடம், அது தினகருது. தினகருதா? அய்யோ, அவன் தெனமும் பைக்குல மல எறங்குறவன். அந்த ஒவ்வொரு கொண்ட ஊசி வளைவும் அர்த்தனாரிக்குத் தெரியும், எதுல லாரி கவுந்துச்சு, எதுல ஜோடியா போன பைக்கு போச்சு, எதுல தடுப்புச் செவுரு புதுசா வெள்ளயா இருக்குதுன்னு. வெள்ளயா இருந்தா அங்க யாரோ போயிருக்காங்கன்னு அர்த்தம். ஜன்னலோரம் வாந்தி எடுக்கறவங்களுக்கு எலுமிச்சம் பழம் குடுத்துகிட்டே இவரு அந்த வெள்ளயப் பாப்பாரு. காலையில அவன் கெளம்புனப்ப ஹெல்மட்டு கையில மாட்டியிருந்தான், முழங்கையில, என்னமோ முழங்கையிலதான் மூள இருக்கிற மாதிரி. "தலயில போடுறா." "போறப்ப போடுறேன்பா." போறப்பன்னா எங்க போறப்ப? வேணாம், தினகருது வேணாம், நாலாவது எடத்துல இருக்கிறது தினகருது இல்ல. அப்ப யமுனா. யமுனாவுக்கு சின்னதுல மஞ்சக்காமால வந்து கண்ணு ரெண்டும் மாம்பழமாட்டம் ஆயிருச்சு, கீழாநெல்லிய அரச்சு அரச்சு ஊத்தி சம்பூரணம் விரலே பச்சயாக் கெடந்துச்சு. அந்தப் புள்ளதான் இப்ப ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒண்டியா உக்காந்து பேரு கூப்புடறதக் கேட்டுகிட்டிருக்குது. இல்ல, இல்ல, அவளும் இல்ல. சம்பூரணம், இல்ல. தினகர், இல்ல. யமுனா, இல்ல. அப்பறம்?

அப்பறம் செங்கோடன். அந்தப் பேரு தானா வந்து நிக்குது, கூப்புடாத விருந்தாளியாட்டம், ஆனா வந்ததும் நெஞ்சுக்குள்ள ஒரு எடம் லேசாவுது. அது லேசாவுறது அர்த்தனாரிக்கே தெரியுது. செங்கோடன் அங்கதான் உக்காந்திருக்கான், குழாயடிக்குப் பக்கத்துல, சாக்க விரிச்சு, காப்பி நாத்துக்கு பாலிதீன் பையில மண்ணு ரொப்பிகிட்டிருக்கான். எரு ஒரு பங்கு, மண்ணு, மணலு, கலந்து அள்ளி, பையில போட்டு, தரயில ஒரு தட்டு. டொப். அடுத்தது. டொப். காலையில இருந்து அந்த டொப் தவிர அவன்கிட்ட இருந்து சத்தமே கெடையாது. அவன் அப்பிடித்தான், வாயில வெத்தலயும் கெடையாது, வார்த்தயும் கெடையாது. பொண்டாட்டி இல்ல, புள்ள குட்டி இல்ல. அவனுக்கு ஒண்ணுன்னா அழறதுக்குக்கூட நாமதான் ஆளு புடிக்கணும். ச்சீ. என்ன நெனப்பு இது. கூடப் பொறந்தவன். அப்பா காரியத்தன்னிக்கு சுடுகாட்டுல இருந்து திரும்பறப்ப இவரு காலுல முள்ளு ஏறி நொண்டிகிட்டு வந்தாரு, ஊரே அழுதுகிட்டிருக்குது, அவன் மட்டும் அழுவாம, இவரு கால எடுத்து மடியில வெச்சுகிட்டு ஊக்கால முள்ள எடுத்துகிட்டிருந்தான். நகக் கண்ணுல மண்ணு. அந்தக் கை. டொப். அவன் கெழங்கா இருந்தா... டொப். நான் ஒண்ணும் இருக்கணும்னு சொல்லலயே, "இருந்தா"ன்னுதான சொல்றேன்.

"யார்கிட்டங்க பேசுறீங்க?" சம்பூரணம் காப்பியோட வந்து நிக்கறா. மொகத்துல தேங்காத் துருவல் ஒண்ணு ஒட்டியிருக்குது. "நான் எங்க பேசுனேன்?" "சரி, பேசல. காப்பி ஆறிப்போவும். தம்பி, உனக்கும் வெச்சிருக்கேன்." செங்கோடன் தலய ஆட்டுறான். அவ கொழுந்தன்கிட்ட டம்ளரக் குடுத்துட்டு வந்து இடுப்புல கைய வெச்சுகிட்டு பூவப் பாக்குறா. பாக்காத, பாக்காத, அந்தப் பக்கம் பாக்காத. "இதென்ன ஒண்ணக் காணோம்?" "பின்னால வரும்." "எலி தின்னுருக்குமோ?" "எலி எங்க இதத் திங்கும்?" "அப்ப நீங்க தின்னுட்டீங்களா?" சொல்லிட்டு அவளே சிரிக்கறா. சிரிக்கறப்ப எப்பவும் ஒரு கைய நெஞ்சுல வெப்பா. இன்னிக்கும் வெச்சா. எந்தப் பக்கத்துல வெச்சா? அதே பக்கந்தான். அப்பறம் குரல எறக்கி, "போனு வந்துச்சா?" "இல்ல." "வந்தா என்கிட்ட குடுங்க. நீங்க கேட்டு, உங்க மொகத்தப் பாத்து நான் தெரிஞ்சுக்கற மாதிரி வெச்சுராதீங்க." அப்பிடிச் சொல்லிட்டு உள்ள போயிட்டா. மறுபடியும் மிக்ஸி. அர்த்தனாரி காப்பியக் குடிக்காம முக்காலி பக்கத்துல வெச்சுட்டு மறுபடி அந்த மொட்ட எடத்தப் பாத்தாரு.

தோண்டிப் பாத்துடலாமா? ஒரு குச்சிதான, ஒரு சாண் மண்ணுதான. தோண்டுனா தெரிஞ்சுரும், மொள வந்துருக்குதா, அழுவிக் கெடக்குதான்னு. தெரிஞ்சுட்டா? இப்ப நல்லதும் கெட்டதும் உள்ள ஒண்ணாக் கெடக்குது, கண்ணுல படாத வரைக்கும் ரெண்டும் இருக்குது, தோண்டுனா ஒண்ணு செத்துரும். டாக்டரும் அப்பிடித்தான் ஊசியக் குத்துனாரு, குத்தாம விட்டிருந்தா அது வெறும் நெல்லிக்கா. இல்ல, அது தப்பு, குத்தித்தான் ஆவணும், படிக்காதவன்கூட அதுக்குத் தல ஆட்டுவான். அப்ப இதயும் குத்து. ஆள்காட்டி விரல மண்ணுல வெச்சாரு. மழ ஈரம். வெரலு எறங்குது, நகத்துக்குள்ள மண்ணு ஏறுது, சில்லுன்னு, இன்னுங் கொஞ்சம், ஒரு மண்புழு நெளிஞ்சு வழி விடுது, இன்னுங் கொஞ்சம். ஏதோ ஒண்ணு பட்டுச்சு. கெட்டியாவும் இல்ல, கொழகொழன்னும் இல்ல. ஒரு மாதிரி அமுங்குச்சு. தொட்டுப் பாருங்கன்னு அவ அன்னிக்கு இவரு கையப் புடிச்சு வெச்சாளே, வெளக்க அணச்சுட்டு, "இங்க, இங்க பாருங்க"ன்னு, அப்பவும் இப்பிடித்தான் அமுங்குச்சு. வெடுக்குன்னு வெரல உருவிகிட்டாரு. ஓட்டய மண்ணப் போட்டு அமுக்குனாரு. அது கல்லு. ஈரக் கல்லு. கல்லு அமுங்குமா? டொப். செங்கோடன் அடுத்த பையத் தட்டறான். இவன் எப்பிடி இப்பிடி உக்காந்திருக்கான், அண்ணிக்கு இன்னிக்கு ரிசல்ட்டுன்னு இவனுக்குத் தெரியாதா? இருமறான் வேற. எப்ப இருந்து இருமறான்? போன மாசம் இருமலயே. எரு தூசியா இருக்கும். தூசியா இல்லாட்டி? ஒருத்தரு போயித்தான் ஆவணும்னா, ஒரே ஒருத்தருன்னா, அது செங்கோடனா இருந்தா வீடு தாங்கும், அடுப்பு எரியும், புள்ளைங்க தேறிரும். அய்யோ ஈஸ்வரா, நான் என்ன மனுசன், சந்தையில கத்திரிக்கா பொறுக்கற மாதிரி பொறுக்கிகிட்டிருக்கேன். யாரும் கேக்கல, யாரும் ஒருத்தரக் குடுன்னு சொல்லல, நானாவே எடுத்து நீட்டிகிட்டிருக்கேன்.

போனு அடிக்குது. தொடயே அதுருது. எடுக்கணும், அவகிட்ட குடுக்கணும், குடுன்னு சொன்னா. "சம்பூ..." பாதிப் பேருதான் வெளிய வருது. அவ முந்தானையில கையத் தொடச்சுகிட்டே ஓடி வந்து போனப் புடுங்கறா. "சொல்லு கண்ணு." அர்த்தனாரி அவ மொகத்தப் பாக்கல, காலப் பாக்குறாரு, மெட்டி போட்ட வெரலு தரய அமுக்கிகிட்டிருக்குது. "ம்... ம்... என்னது? தமிழ்ல சொல்லுடி... ம்... நெசமாவா? டாக்டரே சொன்னாரா?" மெட்டி வெரலு மெல்ல நிமிருது. "கொழுப்புக் கட்டியாம். வெறும் கொழுப்பாம். வேணும்னா எடுத்துக்கலாம், இல்லன்னா அது பாட்டுக்கு இருக்கலாமாம்." சொல்லிட்டு செவுத்துல சாஞ்சு, அந்த ஒரு மாசம் வாய் தொறக்காத பொம்பள, தொறந்தா பாருங்க வாய, விக்கி விக்கி அழுதா. அப்பறம் மூக்கச் சிந்திட்டு, "சட்னி ரெடி, தோச ஊத்தறேன், ரெண்டு பேரும் வாங்க"ன்னு உள்ள போயிட்டா.

அர்த்தனாரி அந்த வார்த்தய ஒரு தடவ வாய்க்குள்ள சொல்லிப் பாத்தாரு. கொழுப்பு. எவ்வளவு அழகான வார்த்த. ஊருல எல்லாருக்கும் இருக்குது, எனக்கு வாயில இருக்குது, அவளுக்கு வேற எடத்துல. முக்காலியிலயே உக்காந்துகிட்டு சிரிக்கறாரு, கண்ணுல தண்ணி. நாலு பூவும் காத்துல ஆடுது. நாலு. சிரிப்பு அங்கயே நின்னு போச்சு. அப்ப, சம்பூரணம் இல்லன்னா, இது யாரு? புள்ளைங்க ரெண்டு பேரையும் காலையிலயே இல்லன்னு தீத்தாச்சு. அப்ப இன்னும் ஒருத்தருதான. பாவம், இருமறான். பாவம், செங்கோடன்.

டொப் சத்தம் நின்னுச்சு. செங்கோடன் கையில இருந்த மண்ண ரெண்டு தட்டுத் தட்டி உதறுறான். "ண்ணா." அந்தக் குரலக் கேட்டு எத்தன நாளாச்சுன்னு அர்த்தனாரி திடுக்குனு திரும்பறாரு. "மனசுக்குள்ள பேசறதா நெனச்சிகிட்டிருக்க. காலையில இருந்து நீ வாய் விட்டுதான் பேசிட்டிருக்க, ஒண்ணு விடாம எங்காதுல விழுவுது."

செங்கோடன் அடுத்த பையப் பிரிச்சு, வாய ஊதித் தொறந்து, மண்ண அள்ளிகிட்டே சொல்றான், கோவமும் இல்ல, அழுவயும் இல்ல.

"அந்த மொட்ட எடத்துல அண்ணியப் போட்டுப் பாத்த. பையனப் போட்ட, பொண்ணப் போட்ட. என்னய மட்டும் மூணு தடவ போட்ட. சரி, போடு. உன்னய எப்பண்ணா போடுவ?"